ஊறுகாய்ச் சத்தியம்

மதியச் சாப்பாட்டை இப்போது நான் அடித்தளத்தில்தான் சாப்பிடுகிறேன். மூன்றாவது மாடியில் எனக்கு மேஜை இருக்கிறது, வெயில் வருகிற ஜன்னல் இருக்கிறது, வெந்நீர் வைக்கக் கெட்டில்கூட இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் கீழே இறங்கி, பழைய கோப்புகளைக் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கிற அறையில், ட்யூப்லைட் வெளிச்சத்தில் அக்காவோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறேன். பார்க்கிறவர்கள் இதை நட்பு என்று நினைக்கிறார்கள். எங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது என்றுகூட ஒரு பெண் சொன்னாள். அன்றைக்கு டிபன் டப்பாவைப் பாதியிலேயே மூடிவிட்டேன்.

நான் வேலை பார்ப்பது தில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகம். எந்த அமைச்சகம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பெரிதாக ஒன்றும் தெரிந்துவிடாது, உள்ளே எல்லாம் ஒரே பச்சைத் திரை, ஒரே இரும்பு அலமாரி. எங்கள் மாடியில் தாழ்வாரம் முடிகிற இடத்தில் மதியம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து சாப்பிடுவோம். மற்றவர்கள் அதை ‘மதராஸி டேபிள்’ என்பார்கள். நாலு பேருக்கும் வீட்டில் தமிழ் என்பதைத் தவிர வேறு பொருத்தம் கிடையாது. அவரவர் ஊர்ப் பேச்சை அப்படியே தில்லிக்குக் கட்டிக்கொண்டு வந்து, நடுவில் இந்தியைத் தூவி, இத்தனை வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மேஜைக்குத் தலைவர் மாயவரத்து சார். எங்கள் பிரிவின் அதிகாரி, ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. அவர் ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது. அடுத்தவர் கோயமுத்தூர்க்காரர். யார் என்ன சொன்னாலும் “சரிங்” என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்குச் சாப்பிடுவார். மூன்றாவது, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், மதுரை. என்னைவிட நாலு வயது மூத்தவள். நாலாவது நான், திருநெல்வேலி. வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம் என்று வீட்டிலும் அலுவலகத்திலும் பெயர் வாங்கியவள்.

அந்த மேஜையில் ஒரு ஊறுகாய் பாட்டில் எப்போதும் இருக்கும். யார் லீவில் ஊருக்குப் போனாலும் திரும்பும்போது அதை நிரப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. எப்போது, யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை, ஏதாவது ஒன்றை நாலு பேரும் சேர்ந்து முடிவு செய்தால் அந்தப் பாட்டில் மூடியின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்வோம். சும்மா விளையாட்டுக்குத்தான். ஒருமுறை கேன்டீன் டீயில் கரப்பான் கால் கிடந்தது. இனி நாலு பேரும் அந்த டீயைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தோம். அந்த வாரம் முடிவதற்குள் சார் குடித்தார், அப்புறம் நான் குடித்தேன், கோயமுத்தூர்க்காரர் இரண்டு டம்ளர் குடித்தார். சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். அக்கா மட்டும் இன்றுவரை கேன்டீன் டீ குடித்ததில்லை. வீட்டிலிருந்து ஃப்ளாஸ்க் கொண்டுவருகிறாள். அதை அப்போதே நான் சரியாகக் கவனித்திருக்க வேண்டும்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது நான் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தேன். அத்தனை நாளும் என் கோப்புகளையும் சேர்த்து அவள்தான் பார்த்தாள். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பிளாக் தள்ளி அவள் வீடு. சாயங்காலமானால் ரசமும் பருப்புத் துவையலுமாக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள். ஆட்டோக்காரரிடம் மதுரைக் குரலில் இந்தி பேசிச் சண்டை போடுவது வார்டுக்குள் கேட்கும். இத்தனைக்கும் அவளுக்கு இளைப்பு உண்டு. தில்லியில் குளிர் தொடங்கிப் புகைமூட்டம் இறங்கிவிட்டால் பையில் இன்ஹேலர் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டாள். தூசி ஆகவே ஆகாது.

போன வருஷம் மழைக்காலத்தில் அந்தச் சுற்றறிக்கை வந்தது. இனிமேல் காகிதக் கோப்பு கிடையாது, எல்லாக் கோப்பும் கணினியில்தான் நகரும், குறிப்பு எழுதுவது, கையெழுத்து, மேலே அனுப்புவது எல்லாம் அதிலேயே. கொஞ்ச காலத்துக்கு இரண்டும் ஓடும், பிறகு காகிதம் அடியோடு நிற்கும். ஈ-ஃபைல் என்று எல்லோரும் அதைச் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் பெயரும் முதல் கடவுச்சொல்லும் உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

அன்றைக்கு மதியம் சார் சாப்பாட்டை ஆரம்பிக்கவே இல்லை. “இந்தா பாருங்க, இது ரொம்ப சிம்பிள். நம்மள்ல ஒருத்தர் இதைத் தொட்டா, அவரைக் காட்டி மத்தவங்களை நெருக்குவாங்க. ‘அவருக்கு வருது, உனக்கு ஏன் வரல’ம்பாங்க. யாருமே தொடலேன்னா என்ன பண்ணுவாங்க? ஆறு மாசம் பாப்பாங்க, அப்புறம் தானா அமுங்கிடும். இதுக்கு முன்னாடி எத்தனை வந்து அமுங்கிருக்கு?” என்றார்.

“சரிங்” என்றார் கோயமுத்தூர்க்காரர்.

“தொட்டா கைய ஒடிச்சுப்புடுவேன்” என்றாள் அக்கா. எங்கள் மூவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பாட்டில் நடுவில் வந்தது. நாலு கையும் மூடியின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. என் கை எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புகிற சார்ட்டர்ட் பஸ்ஸில் பக்கத்துப் பிளாக்கில் இருக்கிற பஞ்சாபி அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வேறொரு அமைச்சகம். அவர்கள் அலுவலகத்தில் ஈ-ஃபைல் வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டதாம். “உங்களுக்கு வருமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த பரிதாபத்தை என்னால் தாங்க முடியவில்லை. வராதவர்களை அங்கே ரிகார்டு ரூமுக்கு அனுப்பிவிட்டார்களாம். முன் சீட்டில் இருந்தவர் திரும்பி, தன் ஆபீஸில் ஓய்வு பெறப் போகிற ப்யூன்கூட அதில்தான் வேலை செய்கிறார் என்றார். பஸ் முழுக்க எனக்கு எதிராகக் கட்சி கட்டிக்கொண்டு வருவதுபோல் இருந்தது. மேஜையில் அது தெரிந்திருந்தால் வெட்கம், பஸ்ஸில் தெரியாமல் இருந்தால் வெட்கம். நான் எந்தக் கூட்டத்தில் இருக்கிறேனோ அந்தக் கூட்டத்துக்குத் தக்கபடி எனக்கு வெட்கம் வருகிறது. என் புத்தி எவ்வளவு மட்டம் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ஆபீஸில் துடைப்பக்காரரைத் தவிர யாரும் இல்லை. உறையைப் பிரித்து, அதிலிருந்த கடவுச்சொல்லைத் தட்டினேன். புதிதாக ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அது கேட்டது. மகள் பெயரையும் பிறந்த வருஷத்தையும் போட்டேன். திறந்துகொண்டது. சத்தியம் செய்து ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை.

அதன் பிறகு தினமும் காலையில் அதுதான் வேலை. எனக்கு அது பிடித்துப்போய்விட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டை அவிழ்த்துக் கட்டி, பக்கங்களில் அடையாளக் கொடி குத்தி, ப்யூனைத் தேடித் தாழ்வாரத்தில் நின்று கத்துகிற பாடு ஒன்றும் இல்லை. ஒரு தட்டு தட்டினால் கோப்பு மேலே போய்விடுகிறது. ஒருநாள் பழகிப் பார்ப்பதற்காக, எனக்குச் சாய்வு நாற்காலி ஒன்று வேண்டும், இருப்பதில் உட்கார்ந்தால் முதுகு போய்விடுகிறது என்று ஒரு குறிப்பு எழுதினேன். அனுப்புவதுபோல் பார்த்துவிட்டு நிறுத்த நினைத்தேன், கை தவறி அது டைரக்டர் மேடத்துக்கே போய்விட்டது. மேடம் வருவதற்கு அரைமணி நேரம் இருந்தது. திரையில் உள்ள ஒவ்வொரு மூலையையும் தடவித் தடவிப் பார்த்ததில், அனுப்பிய கோப்புகளுக்குள் போனால், பெறுகிறவர் திறந்து பார்க்காத வரைக்கும் நாமே திருப்பி இழுத்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தேன். இழுத்தேன், வந்துவிட்டது. அன்று முழுவதும் எனக்குள் நானே சிரித்துக்கொண்டிருந்தேன்.

மதியம் மேஜையில் அந்தக் கணினிக் கோப்பைத் திட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. “அதுல ஒரு ஃபைலத் தேடுததுக்குள்ள நமக்குப் பென்ஷனே வந்துரும்” என்பேன். சார் தொடை தட்டிச் சிரிப்பார். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிடும். அந்த நக்கலெல்லாம் காலையில் அதை நோண்டியதால் எனக்குத் தெரிந்த விஷயங்கள். தெரியாதவளுக்கு அவ்வளவு துல்லியமாகத் திட்ட வராது. அதைக்கூட யாரும் யோசிக்கவில்லை.

இல்லை, யோசித்திருப்பார்கள். ஒரு காலையில் தாழ்வாரத்தில் கோயமுத்தூர்க்காரர் எதிரே வந்தார். அவர் வீடு ஊரின் அந்தக் கோடியில், துவாரகாவில், அந்த நேரத்துக்கு அவர் அங்கே இருக்க நியாயமே இல்லை.

“என்னுங்க்கா, இத்தன வெள்ளனே?” என்றார்.

“பஸ் சீக்கிரம் வந்துட்டு” என்றேன். “நீங்க?”

“மெட்ரோல இன்னிக்குக் கூட்டமே இல்லீங்” என்றார்.

இரண்டு பேரும் அவரவர் அறைக்குப் போனோம். அவர் கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. நானும் சாத்திக்கொண்டேன். இன்னொரு நாள் சாரின் மூக்குக்கண்ணாடிக் கூடு கணினி மேஜைமேல் திறந்து கிடந்தது. படிப்பதற்கு மட்டும் போடுகிற கண்ணாடி. அதையும் பார்த்தேன், பார்க்காதவள்போல் வந்துவிட்டேன்.

டிசம்பரில் டைரக்டர் மேடம் எங்கள் பிரிவு முழுவதையும் கூட்ட அறைக்கு வரச் சொன்னார். ஆளுக்கு ஒரு கணினி வைத்திருந்தார்கள். நாங்கள் நாலு பேரும் ஒரே வரிசை. ஓரத்தில் அக்கா, பக்கத்தில் நான், அப்புறம் கோயமுத்தூர்க்காரர், அப்புறம் சார். பயிற்சி கொடுக்க வந்த பையன் முன்னால் நின்று இந்தியில் சொன்னான்: “உறையில் கொடுத்த கடவுச்சொல்லைப் போடுங்கள். முதல்முறை திறக்கிறவர்களிடம் புதியது கேட்கும். பயப்பட வேண்டாம், நான் வந்து உதவுகிறேன்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னிடம் அது கேட்காது. உறையில் உள்ளதைப் போட்டால் தவறு என்று சிவப்பில் காட்டும். மேடம் கையைக் கட்டிக்கொண்டு எங்கள் பின்னால் நடந்துகொண்டிருந்தார். வேறு வழி இல்லாமல் மகள் பெயரைத் தட்டினேன். நேராகக் கோப்புகள் திறந்தன. ஓரக்கண்ணால் பார்த்தேன். கோயமுத்தூர்க்காரருக்குத் திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் சாருக்கும் திறந்திருந்தது, அவர் திரையில் எழுத்தைக்கூட வசதிக்குத் தகுந்தபடி பெரிதாக்கி வைத்திருந்தார்.

“அரே வாஹ், இந்த வரிசையில் எல்லோரும் ஏற்கெனவே பண்ணிவிட்டார்கள்!” என்றான் பையன்.

“ஏப்பா, எனக்குப் புதுசு கேக்குதே” என்றாள் அக்கா தமிழில், எங்களைப் பார்த்து. “ஒங்களுக்கெல்லாம் கேக்கலையா?”

நாங்கள் மூன்று பேரும் அவரவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா எழுந்து நின்று மூன்று திரைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கோபப்படுவாள், மேஜையைத் தட்டுவாள் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் முகத்தில் ஈயாடவில்லை. உட்கார்ந்தாள். புதுக் கடவுச்சொல்லை ஒருமுறை ஒரு மாதிரியும் அடுத்தமுறை வேறு மாதிரியும் தட்டிக்கொண்டே இருந்தாள், அது ஏற்கவே இல்லை. மேடம் அவள் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் கெட்டவர் இல்லை. ஆர்டர் போடுவதற்கு முன் அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். காகிதக் கோப்பு நின்றுவிடப் போகிறது, இது தெரியாமல் பிரிவில் வைத்துக்கொள்ள முடியாது, இப்போதைக்கு அடித்தளத்தில் ரிகார்டு ரூமைப் பாருங்கள், மார்ச் வரைக்கும் உங்கள் இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறேன், கற்றுக்கொண்டு வந்து ஒரு கோப்பை என் முன்னால் செய்து காட்டுங்கள், மேலே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். அக்கா சரி என்று சொல்லிவிட்டு, ஃப்ளாஸ்க்கையும் இன்ஹேலரையும் எடுத்துக்கொண்டு கீழே போனாள். நாற்பது வருஷத்துத் தூசி அந்த அறையில் இருக்கிறது. மேஜைக்கு அவள் மறுபடி வரவில்லை. ஊறுகாய் பாட்டிலை நாங்கள் மூன்று பேரும் திறக்கவில்லை, தூக்கிப் போடவும் இல்லை. ஜன்னலோரம் அப்படியே இருந்தது. சார் ஒருநாள், “எல்லாருக்கும் தெரியுமேன்னு நினைச்சேன்மா. சும்மா ஒரு பேச்சுக்குத்தானே வச்சோம்” என்றார். நான் அவரை முறைத்தேன். என்னை நான் முறைத்துக்கொள்ள முடியாததால் அவரை முறைத்தேன்.

சில நாள் கழித்துதான் கீழே போகத் துணிவு வந்தது. அக்கா மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியிலிருந்த கோப்புக் கட்டைத் தரையில் வைத்து எனக்கு இடம் விட்டாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நெசத்தச் சொல்லு” என்றாள். “நீ எப்ப இருந்து?”

இந்தக் கேள்விக்கு என்ன சொல்ல வேண்டும் என்று லிஃப்டில் வரும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன். உண்மையைச் சொல்லி, காலில் விழுவதென்றாலும் விழுந்துவிடுவது என்றுதான் வந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது.

“போன மாசந்தான்க்கா” என்றேன். “ரிகார்டு ரூமுக்கு அனுப்பிருவாகன்னு எல்லாரும் பயமுறுத்துனாவ. தாங்க முடியல.”

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியது. “அவிங்க ரெண்டு பேரும் மொத நாள்லருந்தே பண்ணிருக்காய்ங்க. எனக்குத் தெரியும்” என்றாள். “நீயாச்சும் அஞ்சு மாசம் தாங்கிருக்கியே.” என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த வயதுக்குள் எத்தனையோ பேரிடம் ஏச்சுப் பேச்சு வாங்கியிருக்கிறேன். எதுவும் அந்தப் பாராட்டைப் போல என்னைக் கூசவைத்ததில்லை. அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்றிலிருந்து கீழேயே சாப்பிட ஆரம்பித்தேன். அக்காவுக்கு ஈ-ஃபைல் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நானே கேட்டேன். ரிகார்டு ரூமில் ஒரு பழைய கணினி இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும் இரண்டு பேரும் அதன் முன்னால் உட்காருவோம். மார்ச்சுக்குள் இவளை மேலே கொண்டுவந்துவிட்டால் என் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன். அவள் பயப்பட்டாளே தவிர, மண்டு கிடையாது. ஒருமுறை சொன்னதை மறுமுறை கேட்க மாட்டாள்.

தொல்லை என்னிடம்தான் இருந்தது. நான் ஒரு மாதம் பழகியவளாக அல்லவா அவளுக்குத் தெரிய வேண்டும்? அதனால் என் விரல்களை வேண்டுமென்றே தடுமாறவிட்டேன். எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்த பொத்தானைத் தேடுவதுபோல் பாசாங்கு செய்தேன். “இங்கனதான் எங்கயோ இருந்துச்சு” என்பேன். பழைய குறிப்பிலிருந்து எடுத்து ஒட்டுவது, பத்து கோப்பை ஒரே நேரத்தில் தேடுவது, இப்படி வேலையைச் சுளுவாக்குகிற எதையும் அவளுக்குக் காட்டவில்லை. அதெல்லாம் ஐந்து மாதம் பழகியவளுக்கு மட்டுமே தெரிகிற விஷயங்கள். திறப்பது, எழுதுவது, கையெழுத்திடுவது, அனுப்புவது, அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தேன். “பரவால்ல, ரெண்டு பேரும் சேந்தே கத்துக்குவோம்” என்பாள் அக்கா.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள் அனுப்புகிற பொத்தான் மேல் விரலை வைத்துவிட்டு அவள் நிறுத்தினாள்.

“ஆமா, தப்பா அனுப்பிட்டா என்ன செய்யிறது? பேப்பர்னா ப்யூன் பின்னாடியே ஓடிப் பிடிச்சுரலாம்.”

நாற்காலி கேட்டு எழுதிய குறிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. வெள்ளனே வந்து திருட்டுத்தனமாகப் பழகியது, மேஜையில் அடித்த நக்கல், எல்லாம் அந்தப் பொத்தானோடு சேர்ந்தே எனக்குள் இருந்தது. அதை வெளியே எடுத்தால் மற்றதும் சேர்ந்து வந்துவிடும் என்று தோன்றியது.

“அது எனக்கும் தெரியலக்கா” என்றேன். “தப்பா அனுப்பாமப் பாத்துக்கிடணும்.”

கேட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். யாரோ சொன்னார்கள் என்று இரண்டு நாள் கழித்து வந்து சொல்லியிருக்கலாம். அப்படித்தான் செய்ய நினைத்தேன். அப்புறம் ஹோலி வந்தது, அப்புறம் கணக்கு முடிக்கிற நெருக்கடி வந்தது. காரணம் சொல்வதற்கு எனக்குப் பஞ்சமே கிடையாது.

மார்ச் மாதக் கடைசியில் அக்கா டைரக்டர் அறைக்குப் போனாள். துணைக்கு என்னையும் வரச் சொன்னாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், நெற்றியில் விபூதி. மேடம் தன் பக்கத்தில் இருந்த கணினியைக் காட்டி, ஒரு சின்ன விண்ணப்பத்தின் மேல் குறிப்பெழுதித் தனக்கு அனுப்பச் சொன்னார். நான் கதவோரம் நின்றேன். அக்கா திறந்தாள். தடுமாற்றமே இல்லை. எழுதினாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முடிக்கப் போகிற நேரத்தில் மேடத்தின் தொலைபேசி அடித்தது. அக்கா திடுக்கிட்டதில் விரல் அனுப்புகிற பொத்தானில் பட்டுவிட்டது. கடைசிப் பத்தி எழுதுவதற்கு முன்பே கோப்பு போய்விட்டது.

“ஐயோ” என்றாள்.

மேடம் தொலைபேசியை வைத்துவிட்டுச் சிரித்தார். “பரவாயில்லை. நான் இன்னும் திறக்கவில்லை. திரும்ப எடுத்து முடித்து அனுப்புங்கள்” என்றார் இந்தியில்.

“திரும்ப எடுக்க முடியுமா மேடம்?” என்றாள் அக்கா. உடனே திரும்பி என்னைப் பார்த்தாள்.

அதற்கு முந்தின வாரம்தான், அதே அறையில், நான் அனுப்பிய கோப்பில் ஒரு தேதி தவறாக இருந்ததை மேடம் சொன்னார். நான் அங்கேயே நின்றபடி அதை இழுத்து, திருத்தி, திரும்ப அனுப்பினேன். வாஹ் என்று மேடம் மெச்சிக்கொண்டார். அதை மேடம் மறந்திருக்க வழியில்லை. அவரும் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா மாடிக்கு வந்துவிடுவாள். எனக்கு அது எப்போதோ தெரியும் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடும். நான் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினேன், தெரியாது என்று.

“யாருக்கும் தெரியாது மேடம்” என்றாள் அக்கா. “இவளுக்கே தெரியாது.”

மேடம் “அச்சா” என்றார். மிக மெதுவாகச் சொன்னார், என்னை விட்டுக் கண்ணை எடுக்காமல். பிறகு வேறு ஏதோ காகிதத்தைப் புரட்டினார். அந்த இடத்துக்கு வேறு அமைச்சகத்திலிருந்து ஓர் ஆள் கேட்டு வந்திருக்கிறார், இன்னும் நிறுத்தி வைக்க முடியாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷம் அக்கா ஓய்வு பெறுகிறாள்.

லிஃப்ட் வரும்வரை தாழ்வாரத்தில் நின்றோம். அந்தப் பக்கம் மேஜை காலியாக இருந்தது, ஜன்னலோரம் பாட்டில் தெரிந்தது. என்னால் நிமிர முடியவில்லை. கண்ணீர் வந்தது. அக்கா இன்ஹேலரை ஒருமுறை இழுத்துவிட்டு, தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

“ச்சீ, எதுக்கு அழுகுற?” என்றாள். “ஒனக்கே தெரியாதத நீ எனக்கு எப்பிடிச் சொல்லித் தருவ?”